ஆறாம் நம்பர்காரியிடம் கொடுங்கள்: நம் மகளிர் கூடைப்பந்து அணித் தேர்வுக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா, கோச் மாஸ்டர், தேர்வுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வருகிற கமிட்டிக் கூட்டத்தில் நம் மகளிர் அணிக்குப் புதுக் கேப்டனைத் தீர்மானிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். மூன்று பேர் அடிபடுகிறார்கள். பிள்ளைகள் பெயரை ஊரறிய எழுத வேண்டாமே என்று பனியன் நம்பரைச் சொல்லியே எழுதுகிறேன். யார் யாரென்று உங்களுக்குத் தெரியும். 11, 15, 6. என் ஓட்டு 6-க்கு. ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர்ஷீட் எழுதுகிறவனுக்கு யார் ஓட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். யாரும் கொடுக்கவில்லை, அதனால்தான் மடல். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கொடுத்தால் முழுதாக இரண்டு சீசனுக்குக் கொடுங்கள். நாலு மேட்ச் தோற்றதும் பிடுங்குகிற எண்ணம் இருந்தால் அவளிடம் கொடுக்கவே வேண்டாம்.

அணியின் நிலைமையைக் கொஞ்சம் பட்டவர்த்தனமாகப் பேசலாம். போன வருஷம் முதல் ஐந்தில் ஆடியவர்களில் இன்று மிஞ்சியிருப்பது 11 ஒருத்திதான். ஒருத்திக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. இரண்டு பேர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னைக் கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். பழைய கேப்டன் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். எல்லாம் நல்ல காரியம்தான், யாரையும் குறை சொல்ல வாயில்லை. மதுரையில் கிளப் நடத்துகிறவர்கள் தலையெழுத்தே இது. வளர்த்து அனுப்பிவைப்போம், மறுபடி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற டிரிபிளிங்கில் ஆரம்பிப்போம். ஆனால் ஒரே வருஷத்தில் நாலு பேர் போனது இதுவரை நடக்காதது. இப்போது பெஞ்சில் இருக்கிற பாதிப் பேருக்கு, ஆளுக்கொரு பகுதியைக் காக்கிற ஸோன் டிஃபென்ஸில் தன் இடம் எது என்றே தெரியாது.

சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் கேப்டனுக்கு எழுதியிருக்கிற வேலை சொற்பம். கோர்ட்டில் அணிக்காகப் பேசலாம். பந்தும் கடிகாரமும் நின்றிருக்கும்போது நடுவரிடம் மரியாதையாக விளக்கம் கேட்கலாம். மேட்ச் முடிவை எதிர்த்துப் புகார் கொடுப்பதென்றால் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். டைம் அவுட்கூட அவள் கேட்க முடியாது, கோச்தான் கேட்க வேண்டும். கிரிக்கெட் மாதிரி டாஸும் கிடையாது. இவ்வளவுதான் என்றால் யாரை வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போகலாம், நானும் மடல் எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். நம் பிள்ளைகளுக்கு இப்போது தேவைப்படுகிற கேப்டன் வேலை அந்தப் புத்தகத்தில் இல்லாதது.

11-ஐப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பெரும்பாலோர் மனதில் அவள்தான் இருக்கிறாள். இருக்க வேண்டியதுதான். இடது பக்கம் போக்குக்காட்டி வலது பக்கம் வெட்டிக்கொண்டு உள்ளே போய்க் கூடையருகே பந்தைப் போடுகிற அந்த லே-அப்பைத் தடுக்க இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. மூன்று புள்ளி விழுந்தால் ஷீட்டில் ஆட்டக்காரியின் நம்பரைச் சுற்றி வட்டம் போட வேண்டும். அவளுக்குக் கை வந்த நாளில் வட்டம் போட்டே என் பேனா மை தீரும். அணியில் மூத்தவளும் அவள்தான். ஆனால் பந்து அவள் கைக்குப் போன நிமிஷமே மற்ற நாலு பேரும் நின்றுவிடுகிறார்கள். கோர்ட்டுக்கு உள்ளேயே நின்று, டிக்கெட் இல்லாமல் வேடிக்கை பார்க்கிறார்கள். எதிரணிகள் இதை வெகுசீக்கிரம் கண்டுபிடித்துவிட்டன. அவள் மேல் இரண்டு பேரை ஏவிவிட்டு மற்றவர்களைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். இதன் மேல் கேப்டன் என்கிற சுமையையும் ஏற்றினால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்தவரை அந்தப் பிள்ளை மானஸ்தி. தோற்கிற ஒவ்வொரு மேட்சையும் தன் தோல்வியாகவே எடுத்துக்கொள்வாள், அடுத்த மேட்சில் இன்னும் நாலு ஷாட் கூடுதலாக அடிப்பாள், மற்றவர்கள் இன்னும் நாலு தடவை கூடுதலாக நிற்பார்கள்.

6 செய்கிற வேலையைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதற்கு ஸ்கோர்ஷீட்டில் கட்டமே கிடையாது. ஃபிபா தாளில் புள்ளிக்கு இடம் உண்டு, ஃபவுலுக்கு உண்டு, டைம் அவுட்டுக்கு உண்டு. புள்ளி விழவைத்த பாஸுக்கு, அதாவது அசிஸ்ட்டுக்கு, இல்லை. பெரிய போட்டிகளில் அதைத் தனியாகக் கம்ப்யூட்டரில் குறிக்க ஆள் வைத்திருக்கிறார்கள், நமக்கு எங்கே? அதனால் ஷீட்டுக்கு அடியில் அரைக் காகிதம் ஒன்றை வைத்துக்கொண்டு, யார் கொடுத்த பாஸில் புள்ளி விழுந்தது, யார் கையிலிருந்து பந்து பறிபோனது என்று நானாகவே கோடு போட்டு வருகிறேன். கேட்டால் தருகிறேன். அந்தக் காகிதங்களில் 6 தலைமையில் ஓடுகிற ஆட்டம் வேறு மாதிரி இருக்கிறது. புள்ளி ஐந்தாறு பேருக்குப் பரவிக் கிடக்கிறது, அதில் 11-ன் புள்ளி குறையவும் இல்லை.

திண்டுக்கல் அணியோடு ஆடிய மேட்ச் உங்களுக்கு நினைவிருக்கும். நாலாவது குவார்ட்டர், சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். நாம் பின்தங்கியிருந்தோம். 6 பந்தைக் கொண்டுவருகிறாள். புதிதாகச் சேர்ந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை எங்கே நிற்பதென்று தெரியாமல், 11 உள்ளே வெட்டுகிற வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. 6 வலது கையில் டிரிபிளை நிறுத்தாமல், இடது கையால் அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டு மூலைப் பக்கம் தள்ளினாள். "அங்கிட்டு நில்லு. கையைத் தூக்கியே வச்சுக்க. பந்து வரும்." டேபிள் வரைக்கும் கேட்டது. 11 உள்ளே வெட்டினாள், அவள் மேல் இரண்டு பேர் பாய்ந்தார்கள், பந்து 6-க்குத் திரும்பியது, அங்கிருந்து மூலைக்கு. அந்தப் பிள்ளை அடித்தாள். ரிங்கில்கூடப் படவில்லை. நம் பெஞ்சிலிருந்தே யாரோ "ஐயோ" என்றார்கள்.

அடுத்த முறை பந்து நம் கைக்கு வந்தபோது 6 செய்ததுதான் விஷயம். யார் எங்கே போக வேண்டும் என்று அதே ஆட்டத்தை மறுபடி கூப்பிட்டாள். அதே மூலை, அதே பிள்ளை, அதே பாஸ். இந்தத் தடவை போர்டில் பட்டு உள்ளே விழுந்தது. கால் கோட்டை மிதித்திருந்ததால் இரண்டு புள்ளிதான். ஷீட்டில் ஒரு சாய்கோடு போட்டேன். மேட்சைத் தோற்றோம். ஆனால் அன்றைக்கு அப்புறம் அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருநாள்கூடப் பயிற்சிக்கு மட்டம் போடவில்லை என்பதை கோச் மாஸ்டரே கவனித்திருப்பார்.

நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் விசாரிக்கிறவர் என்று ஒருவர் இருப்பார். அவர் பரிமாற மாட்டார், சமைக்கவும் மாட்டார். எந்த இலையில் சாம்பார் தீர்ந்திருக்கிறது, எந்தப் பெரியவர் கேட்கக் கூச்சப்பட்டு மோருக்குக் காத்திருக்கிறார் என்று கண்ணாலேயே பார்த்துவிட்டு ஆளை அனுப்புவார். 6 கோர்ட்டில் அந்த ஆள். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கிற அகில இந்தியப் போட்டிக்கு வேன் பிடித்துப் போய்ப் பார்த்தவர்கள் நீங்கள். அங்கே வருகிற நல்ல அணி எதிலும் விரலை உயர்த்தி ஆட்டத்தைக் கூப்பிடுகிற ஒருவர் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அநேகமாக அவர் அந்த மேட்சின் டாப் ஸ்கோரராக இருக்க மாட்டார்.

புள்ளி அடிப்பவரை விட்டுவிட்டு இன்னொருவரிடம் அணியைக் கொடுத்தால் ஊர் சிரிக்காதா என்று செயலாளர் ஐயா கேட்பார். ஊர் சிரிப்பதை விடுங்கள், பல்லாயிரம் பேர் கூச்சலே போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ.-வில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு 2012 வரை மான்டா எல்லிஸ்தான் நாயகன். 2009-10 சீசனில் ஒரு மேட்சுக்குச் சராசரி 25.5 புள்ளி அடித்தவர். அவரோடு ஆடிய ஸ்டெஃபன் கர்ரி என்ற இளைஞருக்குக் கணுக்கால் அடிக்கடி பிசகும். 2011-12 சீசனில் 66 மேட்சில் 26-தான் ஆடினார். அந்த நேரத்தில் நிர்வாகம் எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு, அணியைக் கர்ரி கையில் கொடுத்தது. சில நாள் கழித்து அணி உரிமையாளர் ஜோ லேக்கப் மைக்கைப் பிடித்தபோது சொந்த ரசிகர்களே அவரைப் பேசவிடாமல் கத்தினார்கள். 2015-ல் அதே அணி 40 வருஷத்துக்குப் பிறகு சாம்பியன் ஆனது. கர்ரியும் புள்ளி அடிக்கிற ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கோர்ட்டில் இருந்தால் மற்ற நாலு பேருக்கும் இடம் திறக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் நிர்வாகம் பார்த்தது.

நமக்கு அணிகளுக்குள் ஆளை மாற்றிக்கொள்கிற டிரேட் கிடையாது, புது ஆட்களை முறை வைத்து எடுக்கிற டிராஃப்ட் கிடையாது, 11-ஐ எங்கேயும் அனுப்பப்போவதும் இல்லை. சாமி சத்தியமாக அனுப்பிவிடாதீர்கள்! அமெரிக்கக் கதையை அப்படியே இங்கே ஒட்ட முடியாது என்று எனக்கும் தெரியும். நமக்கு இருக்கிற வசதியே இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். கூச்சல் போடவும் நமக்கு ஆள் இல்லை. நம் ஊர் ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தபோது ஊரே பேசியது. நம் சிமெண்ட் கோர்ட்டுக்கு வருவது வீட்டுக்காரர்களும் நானும் டீக்கடைக்காரரும்தான். அதிகபட்சம் வாட்ஸ்அப் குரூப்பில் நாலு பேர் பொருமுவார்கள்.

"பாஸ் கொடுக்கிற பிள்ளைக்குக் கடைசி நேரத்தில் அடிக்கத் தைரியம் வருமா?" என்று குழுவில் ஒருவர் கேட்டதாகக் காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. அதே என்.பி.ஏ.-வில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியிடம் ஒரே நேரத்தில், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற இரண்டு இளம் கார்டுகள் இருந்தார்கள். வேகமாகப் புகுந்து அடிக்கிற டியாரன் ஃபாக்ஸ், கூட்டிக்கொண்டு ஆடுகிற டைரீஸ் ஹாலிபர்ட்டன். 2022 பிப்ரவரியில் அவர்கள் ஃபாக்ஸை வைத்துக்கொண்டு ஹாலிபர்ட்டனை இண்டியானா பேசர்ஸுக்கு அனுப்பினார்கள். கிங்ஸ் செய்தது சுத்தத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பதிலுக்கு வந்த சபோனிஸும் ஃபாக்ஸும் சேர்ந்து 2023-ல் அந்த அணியை 16 சீசன் கழித்துப் பிளே-ஆஃப் என்கிற இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் 2025-ல் ஃபாக்ஸும் சாக்ரமென்டோவை விட்டுப் போய்விட்டார். அதே வருஷம் ஹாலிபர்ட்டன் இண்டியானாவை இறுதிச் சுற்றுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த இறுதிச் சுற்றின் முதல் மேட்சில் 0.3 விநாடி மிச்சமிருக்கையில் ஜெயிக்கிற ஷாட்டை அடித்தவர், முந்தின சீசனில் லீகிலேயே சராசரி அசிஸ்ட்டில் முதலிடம் பிடித்த அதே ஆள்தான். பாஸ் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு அடிக்கத் தெரியாது என்பது டீக்கடைப் பேச்சு.

15-ஐப் பற்றிச் சுருக்கமாக. உயரம் இருக்கிறது, கூடையில் விழாமல் திரும்புகிற பந்தை, அதாவது ரீபவுண்டை, எடுக்கிறாள், இன்னும் இரண்டு வருஷத்தில் மாநில அணி வரை போவாள் என்று நம்புகிறேன். ஆனால் இப்போதைக்கு மூன்றாவது குவார்ட்டர் முடிவதற்குள் நாலு ஃபவுல் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருகிறாள். அஞ்சாவது விழுந்தால் ஆட்டமே முடிந்தது. கேப்டன் வெளியே உட்கார்ந்து கை தட்டுவதற்கா? அவள் அப்பா பனியனும் பந்தும் வாங்கிக் கொடுத்ததைக் கிளப் மறக்கக் கூடாது. ஆண்டுவிழாவில் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவோம், நானே முதல் ஆளாகக் கை தட்டுகிறேன். அந்தக் கணக்கைக் கேப்டன் நாற்காலியில் நேர் செய்ய வேண்டாம். அந்தப் பிள்ளை இதைக் கேட்கவும் இல்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்து, வயது. "அக்கா இருக்கும்போது தங்கச்சி எப்படி?" என்கிற பேச்சு. 6-க்கு இப்போதுதான் 18 முடிந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டு அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்கே கேப்டன் ஆனபோது வயது 19. அணியில் அவரைவிட மூத்தவர்கள் இருந்துதான் இருப்பார்கள். பின்னால் 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாட்டு அணிக்கு ஆகிற விஷயம் நம் கிளப்புக்கு ஆகாதா? அதோடு, 11-க்கும் 6-க்கும் நடுவில் வயதுப் பிரச்சினை இருப்பதாக நினைப்பது நாம்தான். பயிற்சியில் பார்த்திருப்பீர்கள். "எக்கா, எனக்கு ஒரு ஸ்கிரீன் வைங்களேன், அவ விடமாட்டேங்கிறா" என்று 6 கேட்கும், 11 முணுமுணுத்துக்கொண்டே போய் எதிராளியின் வழியை மறித்து நிற்பாள். மூத்தவளை மூத்தவளாகவே வைத்து வேலை வாங்குகிற அந்தப் பக்குவம் எனக்கு நாற்பது வயதில்கூட வரவில்லை.

திருமங்கலத்திலிருந்து வருகிறாளே, காலை ஆறு மணிப் பயிற்சிக்குக் கேப்டன் நேரத்துக்கு வருவாளா என்றும் ஒரு சந்தேகம். டவுன் பஸ்ஸில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் வந்து, இன்னொரு பஸ் மாறி வருகிற அந்தப் பிள்ளைதான் பெரும்பாலான நாள் கோர்ட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். லேட்டாக வருகிறவர்கள் நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள். பெயர் சொல்லவில்லை. உண்மையான சிக்கல் சாயங்காலம்தான். விளக்குப் போட்டு எட்டு மணி வரை ஆடவிட்டால் அவள் வீடு சேர ஒன்பதரை ஆகிவிடுகிறது, அவள் அம்மா பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறார். சாயங்காலப் பயிற்சியை அரைமணி முன்னால் தொடங்கி ஏழரைக்கு முடியுங்கள். கேப்டனுக்காக மட்டும் கேட்கவில்லை, மேலூர்ப் பக்கமிருந்து வருகிற இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு சீசன் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? நாம் தோற்கப்போகிறோம். இந்த வருஷம் நிறையவே தோற்போம், யார் கேப்டனாக இருந்தாலும். என்.பி.ஏ.-வின் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 2019-ல் பால் ஜார்ஜ் என்ற நட்சத்திரத்தை அனுப்பிவிட்டு, அந்த டிரேடில் ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் என்ற 20 வயதுப் பையனை வாங்கியது. 2020-21-ல் 22 வெற்றி, 50 தோல்வி. அதற்கு அடுத்த சீசன் 24 வெற்றி, 58 தோல்வி. அப்போதும் நிர்வாகம் ஆடிப்போய் அவரை மாற்றவில்லை. அடுத்த மூன்று சீசனில் 40, 57, 68 என்று வெற்றி ஏறி, 2025-ல் சாம்பியன். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் கதை இன்னும் மோசம். 2023-24 சீசனில் தொடர்ந்து 28 மேட்ச் தோற்றார்கள். அதில் 27-வது தோல்வியில் அணியின் இளம் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளி அடித்தும் பயனில்லை. மொத்தம் 14 மேட்ச்தான் ஜெயித்தார்கள். சீசன் முடிந்ததும் கோச்சை மாற்றினார்கள், அந்தப் பையனை மாற்றவில்லை. அடுத்த சீசனில் 44 வெற்றி. (கோச் மாஸ்டர் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களை மாற்றச் சொல்லி நான் மடல் எழுத மாட்டேன்.)

ஆகவே தீர்மானப் புத்தகத்தில் "இரண்டு சீசன்" என்று எழுத்தில் இருக்கட்டும். வாய்வார்த்தை நம் கிளப்பில் எத்தனை நாள் தங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டத்தைக் கூப்பிடுகிற உரிமையையும் சேர்த்தே கொடுங்கள். கேப்டன் பட்டம் ஒருத்திக்கு, ஆனால் கடைசி 24 விநாடியில் பெஞ்சிலிருந்து "11-க்குக் குடு, 11-க்குக் குடு" என்று கத்துவோம் என்றால் அது பொம்மைக் கேப்டன். கோச் மாஸ்டர் டைம் அவுட்டில் போர்டை எடுக்கும் முன்னால் ஒரு நிமிஷத்தில் பத்து விநாடியாவது அவளைப் பேசவிடுங்கள். அவள் பார்த்தது நமக்கு வெளியிலிருந்து தெரியாது.

இன்னும் ஒன்று. முடிவு எதுவானாலும், அறிவிப்பதற்கு முன்னால் 11-ஐத் தனியாகக் கூப்பிட்டு கோச் மாஸ்டரே சொல்லட்டும். ஏன் என்று காரணத்தையும் சொல்லட்டும். போன தடவை வைஸ் கேப்டன் மாற்றத்தை அந்தப் பிள்ளை வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அது மறுபடி நடக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சிக்கு அவள் சீக்கிரம் வருவாள். கூட்டம் பதினொரு மணிக்குத்தானே.

இப்படிக்கு,
ஸ்கோர் டேபிளில் உட்காருகிறவன்,
மதுரை.